மாரத்தான் மருத்துவ முகாமில் ஹாம் ரேடியோ: முதல் முறை போகிறேன், என்ன தெரிந்திருக்க வேண்டும்?

புதுஉரிமம்:

வணக்கம். ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காகவும் சேவைக்காகவும் தனிநபர்கள் நடத்தும் வானொலித் தொடர்பு) உரிமம் கைக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. இதுவரை நான் காற்றில் செய்ததெல்லாம் மாலையில் ரிப்பீட்டரை, அதாவது நம் சிக்னலை வாங்கிப் பலமாக மறுபடி அனுப்பும் நிலையத்தைத் தட்டி, "என் குரல் கேட்கிறதா" என்று விசாரித்துவிட்டு நழுவியதுதான். போன வாரம் கிளப் கூட்டத்தில் ஒரு மாரத்தானுக்கு ஆள் கேட்டார்கள். யாரும் கை தூக்காத அந்த அரை நிமிட மௌனம் தாங்காமல் நான் தூக்கிவிட்டேன். இப்போது 14வது கிலோமீட்டரில் இருக்கும் மருத்துவ முகாமுக்கு நான்தான் ரேடியோக்காரன்.

என்னிடம் 5 வாட் கைக்கருவி ஒன்று இருக்கிறது, கூடவே வந்த குட்டை ரப்பர் ஆண்டெனாவோடு. முதலுதவி எதுவும் எனக்குத் தெரியாது, ரத்தத்தைப் பார்த்தால் கொஞ்சம் தலை சுற்றும் ரகம். என் சந்தேகங்கள் இவை. யாராவது விழுந்தால் நான் மைக்கில் சரியாக என்ன சொல்ல வேண்டும்? ஓடுகிறவரின் பெயரைச் சொல்லலாமா? ரிப்பீட்டர் படுத்துவிட்டால் என்ன செய்வது? அப்புறம், ஐந்தாறு மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை என்றால் சும்மா உட்கார்ந்திருப்பதா?

கிளப்பில் கேட்டால் "வா, பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். எனக்கோ வயிற்றைக் கலக்குகிறது.

பழைய_ஆண்டெனா:

வாழ்த்துகள் தம்பி. வயிற்றைக் கலக்குவது நல்ல அறிகுறிதான், கலக்காமல் வருகிறவர்களைப் பார்த்துத்தான் எனக்குப் பயம்.

உங்கள் வேலை மருத்துவம் இல்லை, எங்கே என்பதைச் சொல்வது. டாக்டருக்கு மருத்துவம் தெரியும், ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு வண்டி ஓட்டத் தெரியும். விழுந்தவர் எங்கே கிடக்கிறார் என்பது மட்டும் அந்த இடத்தில் நிற்கிறவருக்குத்தான் தெரியும், அதைச் சொல்லத்தான் உங்களை அங்கே வைத்திருக்கிறார்கள். அதனால் இடத்தை முதலில் சொல்லுங்கள். மீதிச் செய்தி பாதியில் அறுந்து போனாலும் இடம் மட்டும் போய்ச் சேர்ந்திருந்தால் வண்டி கிளம்பிவிடும்.

இடம் என்றால் வெறும் "14வது கிலோமீட்டர்" போதாது. ஒருமுறை எங்கள் பாதை வளைந்து வந்து அதே சாலையின் இரண்டு பக்கத்திலும் ஓடியது, போகும்போது 7, திரும்பும்போது 16. நடுவில் தடுப்புச் சுவர். செய்தி சொன்னவர் எதிரே தெரிந்த பலகையைப் பார்த்து 7 என்று சொல்லிவிட்டார், ஆள் விழுந்ததோ 16க்குப் பக்கத்தில். ஆம்புலன்ஸ் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. இந்தப் பக்கத்திலிருந்து எல்லோருக்கும் அது நன்றாகத் தெரிந்தது, கையைக்கூட ஆட்டினோம். சுற்றிக்கொண்டு வர எத்தனை நிமிடம் ஆனது என்று நான் அன்று குறித்து வைக்கவில்லை, குறிக்க மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. அதனால் கிலோமீட்டர், ஓடும் திசையில் இடதா வலதா, பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற ஓர் அடையாளம், வண்டி எந்தக் குறுக்குத் தெரு வழியாக நுழையலாம் என்று எல்லாமே வேண்டும். முந்தின நாள் ஒரு நடை போய் உங்கள் முகாமுக்கு இரு பக்கமும் அரை கிலோமீட்டர் நடந்து பாருங்கள். வரைபடத்தில் இருக்கிற சந்து நிஜத்தில் பூட்டின கதவாக இருக்கும்.

இரண்டாவது விஷயம் எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்காது, தமிழில் பேசுகிறவர்களுக்கு மட்டுமே உள்ள ஆபத்து இது. "ஆம்புலன்ஸ் வேண்டும்", "ஆம்புலன்ஸ் வேண்டாம்" இரண்டையும் இரைச்சலில் சொல்லிப் பாருங்கள். நடுவில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். அது போதாதென்று நம் மொழியில் முடிவு வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, நம் ஆட்களோ கடைசி எழுத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பொத்தானை விட்டுவிடுவார்கள். கேட்கிறவருக்குக் கிடைப்பது "ஆம்புலன்ஸ் வேண்..." மட்டும். ஆகவே எங்கள் நெட்டில் (ரேடியோக்காரர்கள் எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவது) வேண்டும், வேண்டாம் என்ற இரண்டு சொல்லுக்கும் தடை. "ஆம்புலன்ஸ் அனுப்புங்கள்" அல்லது "ஆம்புலன்ஸ் தேவையில்லை". இரண்டுக்கும் ஓசையில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

எண்களும் அப்படித்தான். பதினேழும் பதினெட்டும் ரேடியோவில் இரட்டைப் பிள்ளைகள். "ஒன்று ஏழு", "ஒன்று எட்டு" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ஒன்பதும் ஐம்பதும் மாறி விழுந்ததை நானே கேட்டிருக்கிறேன், ஒன்பது தண்ணீர்ப் பெட்டி கேட்ட இடத்தில் ஐம்பது போய் இறங்கியது. அதில் சிரிக்க முடிந்தது, நோயாளியின் வயதில் அப்படி நடந்தால் சிரிக்க முடியாது.

பொத்தானை அழுத்தியதும் ஒரு விநாடி நிறுத்திப் பேசுங்கள். ரிப்பீட்டர் உங்கள் டோனை (குரலோடு கருவி அனுப்பும் மெல்லிய அடையாள ஒலி) அடையாளம் கண்டு திறக்க அந்த நேரம் பிடிக்கும், உடனே பேசினால் முதல் சொல்லை அது விழுங்கிவிடும். முடிக்கும்போதும் ஒரு மூச்சு விட்டு எடுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால், நம் கருவிகள் பேசும் எஃப்எம் முறையில் பலமான சிக்னல் பலவீனமானதை மூடிவிடும், பலம் சமமாக இருந்தால் ஊளைதான் கேட்கும். எப்படிப் பார்த்தாலும் மூடப்படுவது பெரும்பாலும் குட்டை ஆண்டெனாவோடு தூரத்தில் நிற்கிறவர்தான், அதாவது நீங்கள்.

அதனால் ஆண்டெனாவைக் கொஞ்சம் கவனியுங்கள். கருவியை இடுப்பில் செருகிக்கொண்டு மைக்கில் பேசினால் பாதி சக்தியை உங்கள் உடம்பே குடித்துவிடும். செய்தி சொல்லும்போது கருவியை எடுத்துத் தலை உயரத்துக்குத் தூக்குங்கள். நீளமான சாட்டை ஆண்டெனா கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் புலிவால் கட்டுங்கள். கால் அலை நீளத்துக்கு ஒரு வயரை வெட்டி ஆண்டெனா அடியில் உள்ள உலோக வளையத்தில் மாட்டித் தொங்கவிடுவதுதான் புலிவால். இந்த ஒரு புலிவாலை மட்டும் தைரியமாகப் பிடிக்கலாம்.

ரிப்பீட்டர் போனால் என்ன என்று கேட்டீர்கள். அது போகும் என்று நினைத்துக்கொண்டே போங்கள். ரிப்பீட்டர் இல்லாமல் கருவிக்குக் கருவி நேராகப் பேச ஒரு சிம்ப்ளெக்ஸ் அலைவரிசையை முன்கூட்டியே முடிவு செய்து, கருவியில் ஏற்றி, தாளிலும் எழுதி வைத்திருக்க வேண்டும். கட்டடங்களுக்கு நடுவே கைக்கருவிக்குக் கைக்கருவி ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் நம்ப முடியாது. அதனால் 14 சொல்வதை 12 கேட்டு, 12 சொல்வதை 10 கேட்டு என்று கை மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும். மாற்றிக் கொடுக்கும்போது சுருக்காதீர்கள், மெருகேற்றாதீர்கள், காதில் விழுந்ததை அப்படியே சொல்லுங்கள்.

கூடாரத்து_டாக்டர்:

பழைய ஆண்டெனா சார் சொன்னதை எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். நான் ஹாம் இல்லை, பல ஓட்டங்களில் மருத்துவக் கூடாரத்தில் நின்றிருக்கிறேன், பக்கத்தில் ஒரு ரேடியோக்காரர் இருப்பார். அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

தம்பி, தயவுசெய்து நோயைக் கண்டுபிடிக்காதீர்கள். "ஹார்ட் அட்டாக் மாதிரி இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அதற்கு ஏற்ப எல்லாம் நகர ஆரம்பித்துவிடும், அங்கே போய்ப் பார்த்தால் காலில் தசைப்பிடிப்பு. இதற்கு நேர்மாறாக நடந்தால் இன்னும் மோசம். கண்ணில் படுவதைச் சொன்னால் போதும். ஆணா பெண்ணா, சுமாரான வயது, கூப்பிட்டால் பதில் சொல்கிறாரா, மூச்சு இருக்கிறதா, இப்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள். முகாமில் இருக்கும் மருத்துவர் அல்லது செவிலியர் ஏதாவது சொன்னால் அவர் சொன்ன சொல்லையே சொல்லுங்கள், புரியாத சொல்லாக இருந்தால் எழுத்துக் கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் இல்லை, மூச்சு இல்லை, அல்லது வாயைத் திறந்து திறந்து மூடுகிறார் என்றால் அது மட்டும் வேறு கணக்கு. இதயம் நின்றிருக்கலாம். இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி வரத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும், யாரும் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்காவிட்டால், பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும். பக்கத்தில் இருப்பவர்கள் உடனே அழுத்தத் தொடங்கட்டும், நீங்கள் அந்த அதிர்ச்சிக் கருவியை அனுப்பச் சொல்லி ரேடியோவில் கேளுங்கள். இது அபூர்வம்தான். 2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய சுமார் 1 கோடியே 9 லட்சம் பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது, அதில் இதயம் நின்றவர்கள் 59 பேர். அதில் நமக்கு வேண்டிய செய்தி, பெரும்பாலும் பாதையின் கடைசிக் கால்வாசியில்தான் நடந்தது என்பது. அதிர்ச்சிக் கருவிகளை எங்கே நெருக்கமாக வைப்பது என்பதற்கும் சுறுசுறுப்பான ரேடியோ ஆட்களை எங்கே நிறுத்துவது என்பதற்கும் இதைவிட நல்ல வழிகாட்டி எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. அந்தக் கருவி இதயத் துடிப்பை அலசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று பொத்தானை அழுத்தாதீர்கள். ரேடியோ அலை அதன் அளவீட்டைக் குழப்பலாம், 2 மீட்டராவது தள்ளிப் போய்ப் பேசுங்கள்.

அடுத்தது வெப்பத் தாக்கு. இதில்தான் ரேடியோக்காரர்களுக்கும் எங்களுக்கும் அடிக்கடி முட்டிக்கொள்ளும். உடலின் உள் வெப்பம் 40 டிகிரிக்கு மேலே போய், ஆள் உளறுகிறார் என்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஆம்புலன்ஸில் ஏற்று என்பது. நாங்கள் செய்வது முதலில் ஐஸ் தண்ணீரில் இறக்குவது, வெப்பம் 39 பக்கம் வந்த பிறகுதான் வண்டி. மாசசூசெட்ஸில் ஃபால்மவுத் என்று ஓர் ஓட்டம், ஆகஸ்ட் வெயிலில் சுமார் 11 கிலோமீட்டர். 18 ஆண்டுகளில் அங்கே 274 பேருக்கு இப்படிப்பட்ட வெப்பத் தாக்கு வந்தது, ஒருவர்கூட இறக்கவில்லை, அங்கேயே ஐஸ் தண்ணீரில் குளிர்வித்ததால். ஆகவே "நோயாளி இருக்கிறார், ஆம்புலன்ஸ் இப்போது தேவையில்லை" என்று முகாமிலிருந்து செய்தி வந்தால் பதற்றப்பட்டு நீங்களாக வண்டி அனுப்பாதீர்கள். அதேபோல் "ஐஸ் தீரப் போகிறது" என்று சொன்னால் அதைத் தண்ணீர்ப் பாட்டில், வாழ்த்துப் பலகைச் செய்திகளோடு வரிசையில் நிற்க வைக்காதீர்கள். வெயில் நாளில் ஐஸ் என்பது மருந்து.

பெயர் விஷயம். பெயரைக் காற்றில் சொல்லவே கூடாது. மார்பு எண்ணையும் சொல்லாதீர்கள் என்பது என் கட்சி, இதில் பலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். எண்ணை வைத்து யார் என்று இணையத்தில் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம், ஆகவே எண்ணும் பெயரும் ஒன்றுதான். வீட்டில் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர் மூலம் அந்தக் குடும்பத்துக்குச் செய்தி போவதை நான் விரும்பவில்லை.

நடைமுறைவாதி:

எல்லாம் சரி, ஆனால் யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன். எல்லோர் கையிலும் போன் இருக்கும் காலத்தில் இது எதற்கு? ஏற்பாட்டாளர்கள் பொத்தான் அழுத்திப் பேசும் சிம் கார்டு வாக்கி டாக்கிகளை வாடகைக்கு எடுக்கலாம், ஒரு வாட்ஸ்அப் குழு திறக்கலாம், இருப்பிடத்தை அப்படியே அனுப்பலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். நான் தன்னார்வலராகப் போன ஓர் ஓட்டத்தில் மூன்று ரேடியோ, நான்கு பேட்டரி, ஒளிரும் மேல்சட்டை, தலையில் விளக்கு என்று பகல் வெளிச்சத்தில் ஒருவர் வந்தார். காலை முழுக்க ஆண்டெனாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு பெண் மயங்கி உட்கார்ந்தபோது செவிலியரைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய் நாடி பார்த்தது அவர்தான். ரேடியோ தரையில் கிடந்தது, அதில் யாரோ அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

குறிப்பேடு:

நடைமுறைவாதி, நீங்கள் சொன்ன அந்த மூன்று ரேடியோக்காரரை எங்களுக்கும் தெரியும், எல்லாக் கிளப்பிலும் ஒருவர் இருப்பார். அடுத்த முறை அவரை வாகன நிறுத்துமிடத்தில் போடுவோம்.

நான் பெரும்பாலும் நெட் கண்ட்ரோலில், அதாவது எல்லா முகாமின் செய்தியையும் வாங்கி ஒழுங்குபடுத்தும் மேசையில் உட்காருகிறவள், அதனால் உங்கள் போன் கேள்விக்கு என் மேசையிலிருந்து பதில் சொல்கிறேன். போன் வேலை செய்யும்போது நாங்களும் போனைப் பயன்படுத்துகிறோம், அதில் எங்களுக்கு எந்த மானப் பிரச்சினையும் இல்லை. காற்றில் சொல்லாதீர்கள் என்று டாக்டர் சொன்ன மார்பு எண் எல்லாம் போனில்தான் போகிறது. ஹாம் அலைவரிசையில் பொருளை மறைக்கும் ரகசியக் குறியீடு பொதுவாக அனுமதி இல்லை என்பதால் போன்தான் அதற்குச் சரியான வழி. 14வது கிலோமீட்டரில் இருக்கும் முகாம் 6ல் வந்த மூன்றாவது நோயாளி என்றால் காற்றில் "முகாம் ஆறு, நோயாளி மூன்று", அவ்வளவுதான். மற்றதை அவர்கள் அட்டையில் எழுதி வைத்திருப்பார்கள்.

ஆனால் போன் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு. நான் ஒரு முகாமோடு போனில் இருந்தால் மற்றவர்களுக்கு நான் எங்கேஜ்டு. ரேடியோவில் ஒருவர் பேசினால் இருபது பேர் கேட்கிறார்கள். 14ல் ஆள் விழுந்தது என்று சொல்லும்போதே 12ல் நிற்கும் வண்டிக்காரர் காதில் விழுந்துவிடும், நான் கூப்பிடும் முன் அவர் இன்ஜினைப் போட்டிருப்பார். வாட்ஸ்அப் குழுவில் இதே செய்தி யாரோ அனுப்பிய காலை வணக்கத்துக்குக் கீழே, பார்க்கப்படாமல் கிடக்கும்.

சிம் கார்டு வாக்கி டாக்கி பார்க்க ரேடியோ மாதிரி இருந்தாலும் ஓடுவது அதே செல்போன் கோபுரத்தில்தான். 2013 ஏப்ரல் 15, பாஸ்டன் மாரத்தானில் முடிவுக் கோட்டுப் பக்கம் குண்டு வெடித்தபோது செல்போன்கள் திணறிப் போயின. அதிகாரிகளே நெட்வொர்க்கை அணைத்துவிட்டார்கள் என்று முதலில் செய்திகூட வந்தது, பிறகு மறுத்தார்கள். அணைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குப் பேச முயன்றதில் அதுவாக நிரம்பிவிட்டது. அன்று பாதை நெடுக 200க்கும் மேற்பட்ட ஹாம்கள் இருந்தார்கள். அவர்கள் குண்டுக்காக வந்தவர்கள் இல்லை, எந்த ஆண்டும் போலத் தசைப்பிடிப்புக்கும் கொப்புளத்துக்கும் வந்தவர்கள். ஓட்டத்தை நிறுத்திய பிறகு, பாதையில் எங்கெங்கோ நின்றுபோன ஆயிரக்கணக்கானவர்கள் விஷயத்தில் அவர்களுக்கு வேலை இருந்தது.

குண்டு எல்லாம் வேண்டாம், வெயில் போதும். 2007 அக்டோபர் 7, சிகாகோ. வெப்பம் 31 டிகிரியைத் தொட்டது, தொடங்கி மூன்றரை மணி நேரத்தில் ஓட்டத்தையே நிறுத்தினார்கள். நிறுத்து என்று ஒருவர் முடிவெடுப்பது ஒரு நிமிட வேலை. அந்த முடிவை எல்லா முகாமுக்கும் ஒரே நேரத்தில், ஒரே சொற்களில் கொண்டு போவதை யோசித்துப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் போன் போட்டால் கடைசி முகாமுக்குச் செய்தி போகும்போது முதல் முகாமில் வதந்தி கிளம்பியிருக்கும்.

புதுஉரிமம், உங்களுக்கு என் மேசையிலிருந்து இரண்டு வேண்டுகோள். நான் திருப்பிச் சொல்வேன், நான் சொன்னது சரியா என்று கேட்டு "சரி" சொல்லாமல் நகர வேண்டாம். நான் தப்பாகச் சொன்னால் மரியாதை பார்க்காமல் "தவறு" என்று வெட்டுங்கள், புதியவர்கள் பெரும்பாலும் தயங்குவது இங்கேதான். இரண்டாவது, நான் போகலாம் என்று சொல்லும்வரை கிளம்பாதீர்கள். முகாமைக் கழற்றிக்கொண்டு எல்லோரும் போன பிறகும் பாதையில் கடைசி ஆள் ஒருவர் தள்ளாடிக்கொண்டு வந்துகொண்டிருப்பார், பின்னால் வாரிக்கொண்டு வரும் வண்டி உங்களைத் தாண்டும்வரை உங்கள் வேலை இருக்கிறது. வெயில் ஏறிய பிறகு வருகிறவர்கள்தான் அதிகம் விழுகிறவர்கள்.

சும்மா உட்காருவதா என்று கேட்டீர்கள். ஆமாம், சும்மாதான். அதுதான் இந்த வேலையின் கஷ்டமான பகுதி. அரை மணிக்கு ஒருமுறை நான் கூப்பிடுவேன், "முகாம் ஆறு, கேட்கிறது, அமைதி" என்றால் போதும். சொந்த அழைப்புக் குறியை (உரிமத்தோடு தந்த அடையாள எழுத்துகள்) உங்கள் விதி சொல்லும் இடைவெளியில் சொல்லுங்கள், மற்ற நேரம் முகாம் பெயரே அழைப்பு.

புதுஉரிமம்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. டாக்டர், ஒரு கேள்வி. யாராவது என் கண் முன்னால் விழுந்தால், பக்கத்தில் வேறு யாருமே இல்லை என்றால், நான் ஓடிப் போவதா, ரேடியோவில் பேசுவதா?

கூடாரத்து_டாக்டர்:

முதலில் பேசுங்கள், பத்து விநாடி. அப்புறம் ரேடியோவோடு போங்கள், அதைத் தரையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். மூச்சு இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் வேகமாக, ஆழமாக அழுத்தத் தொடங்குங்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. முன்கூட்டியே ஒரு நாள் வகுப்புக்குப் போய் இதைப் பொம்மையில் அழுத்திப் பழகிக்கொள்ளுங்கள். தலை சுற்றுவதற்கும் அதுவே மருந்து.

நடைமுறைவாதி:

குறிப்பேடு அக்கா, கோபுர விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உரிமம் பெற்ற வணிக ரேடியோவை வாடகைக்கு எடுத்து, உங்களைப் போலப் பேசத் தெரிந்தவரிடம் கொடுத்தாலும் இதே வேலை நடக்கும்தானே?

குறிப்பேடு:

தாராளமாக நடக்கும். சில ஓட்டங்களில் அப்படித்தான் செய்கிறார்கள், ஹாம்கள் கையில் ஏற்பாட்டாளரின் ரேடியோ. லாப நோக்கில் நடக்கும் ஓட்டத்தின் சொந்த வேலைகளுக்கு ஹாம் அலைவரிசையைப் பயன்படுத்தலாமா என்பதற்கு நாட்டுக்கு நாடு விதி வேறு, அந்தச் சிக்கலும் அதில் தீர்ந்துவிடும். எங்களுக்குக் காசு கிடையாது, வாங்கவும் கூடாது, சட்டைதான்.

பழைய_ஆண்டெனா:

அந்தச் சட்டையும் எப்போதும் என் அளவில் கிடைத்ததில்லை.

புதுஉரிமம்:

போய்விட்டு வந்துவிட்டேன். இவ்வளவு சொல்லித் தந்தீர்கள், அதனால் எப்படிப் போனது என்று எழுதுகிறேன்.

ஐந்தே முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். அதில் நான் பேச வேண்டி வந்த செய்திகள் மொத்தம் நான்கு, "கேட்கிறது, அமைதி"யைக் கணக்கில் சேர்க்காமல். முதல் இரண்டு மணி நேரம் யாருமே வரவில்லை. ஒலிபெருக்கிப் பாட்டு காதைக் கிழித்ததால் காதுக்குள் மாட்டும் கருவி இல்லாமல் ஒன்றும் கேட்கவில்லை, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அடுத்துப் போகிறவர்கள் கட்டாயம் எடுத்துப் போங்கள்.

முதல் செய்தியில் சொதப்பினேன். ஓர் இளைஞர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார், செவிலியர் பார்த்துவிட்டு வண்டி எல்லாம் வேண்டாம், ஓய்வெடுத்தால் போதும் என்றார். நான் இங்கே படித்த அத்தனையையும் மறந்து "ஆம்புலன்ஸ் வேண்டாம்" என்றே சொன்னேன். எதிர்ப்பக்கம் ஒரு விநாடி மௌனம். "முகாம் ஆறு, அனுப்பவா, தேவையில்லையா?" என்று கேட்டார்கள். "தேவையில்லை" என்றேன். மைக்கில் வெட்கம் தெரியாது என்பது ஒரு வசதி.

மூன்றாவதுதான் விஷயம். ஒரு பெண், முப்பதுக்கு மேல் இருக்கும், முகாமைத் தாண்டிப் போய்விட்டார், பிறகு திரும்பி எங்களை நோக்கி ஓட ஆரம்பித்தார். எதிர்த் திசையில். தன்னார்வலர்கள் சிரித்தார்கள், செவிலியர் சிரிக்கவில்லை. பிடித்து உட்கார வைத்துப் பெயர் கேட்டால் ஏதோ பாட்டு வரி சொன்னார். உள் வெப்பம் 40.8. நாங்கள் நால்வர் சேர்ந்து அவரைத் தொட்டியில் இறக்கினோம், அதாவது அவர்கள் மூவர் இறக்கினார்கள், நான் தள்ளி நின்று பேசினேன். கை முழங்காலைவிட அதிகமாக நடுங்கியது. இடத்தை முதலில் சொன்னேன், 14, ஓடும் திசையில் இடது, பள்ளிக்கூடச் சுவர், பின் தெரு வழி திறந்திருக்கிறது. பிறகு செவிலியர் சொன்னதை அப்படியே சொன்னேன், "குளிர்விக்கிறோம், வண்டி வந்து காத்திருக்கட்டும், ஐஸ் இன்னும் ஆறு மூட்டை அனுப்புங்கள்". ஐஸ் ஒரு இருசக்கர வாகனத்தில் வண்டிக்கு முன்னாலேயே வந்தது, யார் அனுப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் 12ஐக் கூப்பிடவே இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அனுப்பியிருக்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் அவர் "ஏன் என்னைத் தண்ணீரில் போட்டிருக்கிறீர்கள்" என்று கோபமாகக் கேட்டார். செவிலியர் அதைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நான் நினைக்கவில்லை.

நான்காவது செய்தி, கடைசி ஆள் தாண்டிவிட்டார் என்பது. ஒரு தாத்தா, வாரிக்கொண்டு வரும் வண்டியில் ஏற மறுத்து அதற்கு முன்னால் நடந்துகொண்டே போனார்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. புலிவால் கட்டினேன், ஆனால் அளவு தெரியாமல் குத்துமதிப்பாக ஒரு முழம் வெட்டினேன். எவ்வளவு இருக்க வேண்டும்?

பழைய_ஆண்டெனா:

2 மீட்டர் அலைவரிசைக்கு 49 சென்டிமீட்டர், முழம் என்றால் யார் கை என்பதைப் பொறுத்து ஏறக்குறைய வந்திருக்கும். அடுத்த மாதம் நீண்ட தூர மிதிவண்டிப் போட்டி ஒன்று வருகிறது, பாதையில் பாதி இடத்தில் செல்போன் கோபுரமே கிடையாது. குறிப்பேடு அக்கா ஆள் தேடிக்கொண்டிருக்கிறார், பெயர் கொடுங்கள்.

குறிப்பேடு:

கொடுக்க வேண்டாம், ஏற்கெனவே எழுதிவிட்டேன்.

புதுஉரிமம்:

அக்கா, கடைசி ஒரு சொல் சரியாகக் கேட்கவில்லை. வேண்டுமா, வேண்டாமா?